யூருனும் கோழிக்கொட்டகையின் இறக்கையும்

யூருன் வாட்னே எங்கள் ஊர்ப் பால் வண்டியை ஓட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் தொடங்கியவள், கேன்கள் போய் டேங்கர் லாரி வந்த பிறகும் விடவில்லை. நார்வேயின் தெற்குக் கரையில் இருக்கும் எங்கள் லிஸ்தாவில் காற்று அடிக்காத நாள் வருடத்தில் நான்கைந்து இருந்தால் அதிகம். அந்தக் காற்றிலேயே முப்பது பண்ணைகளைச் சுற்றிவிட்டு, ஒன்பதரை மணிக்கெல்லாம் பால் நிலையத்தின் வாசலில் வண்டியை நிறுத்துவாள். நான் அங்கே பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். யார் வீட்டுப் பாலில் கொழுப்பு எவ்வளவு, யார் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். யார் வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்பது யூருனுக்குத் தெரியும். காப்பி நேரத்தில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஊரில் எங்களுக்குத் தெரியாதது எதுவும் மிஞ்சாது.

குட்டையான ஆள், அகலமான தோள். தலையில் எப்போதும் ஒரு நீலத் துணி கட்டியிருப்பாள். சிரித்தால் வண்டி ஹாரன் மாதிரி இருக்கும். ஆனால் அவளுடைய உண்மையான வாழ்க்கை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இருந்தது. பழைய விமானத் திடலில் ஆறு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு கிளைடர் சங்கம் நடத்தினார்கள். எஞ்சின் இல்லாத விமானம் அது. தரையில் இருக்கும் விஞ்ச் இயந்திரம், நீளமான கம்பி வடத்தைச் சரசரவென்று சுருட்ட, விமானம் பட்டம்போல மேலே ஏறும். பிறகு வடத்தைக் கழற்றிவிட்டுக் காற்றை நம்பிப் பறக்க வேண்டியதுதான். அந்த விஞ்சுக்கு அவர்கள் வாங்கிப் போட்டது எங்கள் பால் நிலையத்தின் கிழட்டு லாரி எஞ்சினை. அது யூருன் சொன்னால் மட்டும்தான் கேட்கும். ஒரு ஞாயிறு ரிப்பேர் பார்க்கக் கூப்பிட்டார்கள், போனாள். அப்படியே இரண்டு கோடைக்காலம் விஞ்ச் பக்கத்திலேயே நிற்கவைத்துவிட்டார்கள். ஆண்பிள்ளைகள் மேலே போனார்கள். யூருன் கீழே இருந்து இழுத்துவிட்டாள்.

மூன்றாவது கோடையில், வரிசையில் ஐந்து பேர் காத்திருந்தபோது, அவள் எஞ்சினிலிருந்து கட்டைவிரல் அளவுள்ள ஒரு பாகத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சங்கத் தலைவர் ஐலெர்ட் ஓடிவந்தார். பல் வைத்தியர் அவர். வாயைத் திற என்று அதிகாரமாகச் சொல்லிப் பழகியவர்.

"என்ன யூருன், மறுபடியும் நின்னுபோச்சா?"

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் நின்னுட்டேன்."

"விளையாடாத. காத்து நல்லா இருக்கு, எல்லாரும் நிக்கறாங்க பாரு."

"காத்து நல்லா இருக்கா? போன வாரம் நான் கேட்டப்போ காத்து சரியில்லன்னீங்க. அதுக்கு முந்தின வாரம் வெயில் சரியில்ல. என்னைப் பாத்தாத்தான் அதுங்களுக்கு ஆகாது போல."

"இது பொம்பளைங்க பழகற விஷயம் இல்லம்மா."

"டாக்டரே, நீங்க நிக்கறீங்களே, அந்த இடத்துல இருந்து அந்தக் கம்பம் வரைக்கும் எங்கப்பா உருளைக்கிழங்கு போட்ட நிலம். ஜெர்மன்காரன் வந்து ஒரே வாரத்துல காலி பண்ணுன்னான், ஓடுபாதை போட்டான். எங்க வீட்டு நிலத்துல இருந்து ஊர்ல இருக்கறவன் எல்லாம் பறக்கறான். நான் மட்டும் கயிறு இழுக்கணுமா?"

ஐலெர்ட் அவள் சட்டைப் பையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அன்று மாலையே யூருன் முதல் தடவை மேலே போனாள். அவள் கீழே வந்ததும் நான் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எங்க பழைய வீட்டுச் சமையலறை ஜன்னல் எங்க இருந்திருக்கும்னு கண்டுபிடிச்சுட்டேன்டி" என்றாள். அவர்களுடைய வீட்டை இடித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

மூன்றே வருடத்தில் உரிமம் வாங்கிவிட்டாள். சங்கத்தில் அவளை விட நன்றாக ஓட்டியவர் இல்லை என்பதை ஐலெர்ட்டே ஒத்துக்கொண்டார், இரண்டு கிளாஸுக்குப் பிறகு. அவள் செய்த பெரிய தவறு ஒன்றே ஒன்று. கிளைடர் இறக்கையின் மேல்பக்கத்தில் பலகை மாதிரி ஒரு தகடு இருக்கும். ஓட்டுகிறவர் நெம்புகோலை இழுத்தால் அது நிமிர்ந்து நின்று காற்றைக் கலைத்துவிடும். இறக்கை தூக்குவதை நிறுத்தும். விமானம் படி இறங்குகிற மாதிரி மடமடவென்று கீழே வரும். பிரேக் என்றுதான் சொல்வார்கள். புறப்படும்போது அதைப் பூட்டிவிட வேண்டும். ஒருநாள் யூருன் பூட்ட மறந்துவிட்டாள். பாதி உயரத்தில் காற்று அந்தத் தகட்டைப் பிடுங்கித் தூக்கியது. டக், என்றது. அடுத்த நிமிடம் யூருன் பக்கத்துப் பண்ணையின் கோசுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். எலும்பு எதுவும் உடையவில்லை. கோசு மட்டும் நாற்பது போயிற்று. "அந்த டக் இருக்கே," என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், "செத்தாலும் மறக்காது."

இனி தால்லாக் பிரிசெய்டின் கோழிக்கொட்டகைக்கு வருகிறேன்.

தால்லாக்கின் பண்ணை யூருனின் சுற்றில் கடைசி. அவன் பேச்சை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. திமிங்கிலம் ஒன்று தன் கையை நக்கியது என்பான். மீன் பிடிக்கப் போய்ப் படகைவிடப் பெரிய மீனைப் பிடித்ததால், மீன்மேல் ஏறி வீட்டுக்கு வந்ததாகச் சொல்வான். அவனுடைய கோழிக்கொட்டகைக்கு ஒரு விமான இறக்கைதான் கூரை. அது மட்டும் பொய்யில்லை, எல்லோரும் கண்ணால் பார்க்கலாம். போர் முடிந்த கோடையில், ஜெர்மானியர்கள் விட்டுப்போன குப்பைமேட்டிலிருந்து இரண்டு குதிரைகளைப் பூட்டி இழுத்து வந்தான். ஒரு முனையைத் தொழுவத்துச் சுவரோடு சேர்த்தான். மறுமுனையைக் கல்சுவருக்குள் செருகிப் புல்மண் போட்டு மூடினான். கூரை நடுவில் ஒரு தகடு. அடிப்பக்கத்துத் தகரத்தை வெட்டி அதில் ஒரு கயிறு கட்டியிருந்தான். கயிற்றை இழுத்தால் தகடு திறந்து கோழிகளுக்குக் காற்று வரும், இறுக்கிக் கட்டிவிட்டால் தகடு அசையாது.

எழுபத்தெட்டில் எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கம் பழைய பாசறை ஒன்றில் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் வைக்கலாம் என்று முடிவு செய்தது. நான் செயலாளர். தால்லாக்கின் கூரையைக் கேட்டோம். "புதுக் கூரை போட்டுக் குடுங்க, கழட்டிக்கிட்டுப் போங்க," என்றான். அது என்ன விமானம் என்று சொல்ல ஓஸ்லோவிலிருந்து ஹால்வார்ட் ஸ்டாங் என்பவரை வரவழைத்தோம். முப்பத்தைந்து வயதுப் பொறியாளர். விடுமுறையெல்லாம் ஜெர்மன் விமானங்களின் பின்னாலேயே அலைகிறவர். மெலிந்த மனிதர். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பார்.

மே மாதத்துச் சனிக்கிழமை. கொட்டகையைச் சுற்றிப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். தால்லாக்கின் மனைவி வாஃபிளும் பழுப்புச் சீஸும் வெளியே கொண்டுவந்து வைத்தாள். ஹால்வார்ட் ஏணியில் ஏறினார், இறங்கினார், குனிந்து கோழிகளுக்கு நடுவே தவழ்ந்தார், முதுகெல்லாம் எச்சத்தோடு வெளியே வந்தார்.

"மெஸ்ஸர்ஷ்மிட் சண்டை விமானம். இடது இறக்கை. சாதாரண ரகம்தான், ஆயிரக்கணக்குல செஞ்சாங்க," என்றார். "ஆனா அந்தத் தகடு இருக்கு பாருங்க, அதுக்கும் விமானத்துக்கும் சம்பந்தமில்ல. இந்த ரகத்துல அப்படி ஒண்ணு கிடையாது. கோழிக்காகப் பின்னால செஞ்சது. அதை எடுத்துட்டு ஓட்டையை அடைச்சுடலாம்."

"நான் செய்யல," என்றான் தால்லாக். "வரும்போதே இருந்துச்சு. நான் கயிறு மட்டும்தான் கட்டினேன்."

கூட்டம் சிரித்தது. "திமிங்கிலம் செஞ்சு குடுத்துச்சாக்கும்," என்று யாரோ சொன்னார்கள். தால்லாக்கும் கூடவே சிரித்தான். ஆனால் முகம் வாடியிருந்தது. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறான், அன்றைக்கென்று பார்த்து நம்ப ஆளில்லை.

யூருன் அப்போதுதான் டேங்கரை நிறுத்திவிட்டு வந்தாள். வாஃபிள் ஒன்றை எடுத்து மடித்து வாயில் வைத்தாள். அந்த நேரம் கடல் பக்கமிருந்து ஒரு காற்று கூரைமேல் ஏறியது. தகடு எழும்பி விழுந்தது.

டக்.

யூருன் மெல்லுவதை நிறுத்தினாள்.

"தால்லாக், எஞ்சினை ஆஃப் பண்ணாமலே உன் வீட்டுப் பாலை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன் இத்தனை வருஷம்," என்றாள். "இன்னைக்குத்தான் காதுல விழுது. கயிறை அவுத்துவிட்டுட்டியா?"

"அவரு அவுத்துவிட்டாரு," என்று தால்லாக் ஓஸ்லோக்காரரைக் காட்டினான்.

அவள் ஏணியில் ஏறினாள். மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்ப்பதுபோலத் தகட்டின் ஓரத்தைத் தடவினாள். தூக்கினாள், விட்டாள். கையை உள்ளே தோள்வரைக்கும் விட்டாள். நாங்கள் கீழே நின்று அவளுடைய பூட்ஸ் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஸ்டாங் சார், மேல வாங்க."

"நான் பாத்துட்டேங்க."

"கண்ணால பாத்தீங்க. கைய விட்டுப் பாருங்க. தால்லாக் ஆணி அடிச்சா எப்படி இருக்கும்னு அந்தக் கதவைப் பாத்தாலே தெரியும். பத்து ஆணி, பதினொரு திசை. இங்க ரிவெட்டு ஒண்ணுக்கொண்ணு எப்படி நிக்குது பாருங்க. உள்ள ஒரு தண்டு இருக்கு, மூலையில மடங்கி உடம்புப் பக்கம் போகுது. சுத்துனா இன்னும் சுத்துது, பேரிங் போட்டிருக்கான். கோழிக்கு யாராவது பேரிங் போடுவாங்களா?"

கூட்டத்தின் சிரிப்பு திசை மாறியது. ஹால்வார்ட் சிவந்துபோய் ஏறினார். ஏணி இரண்டு பேரைத் தாங்குமா என்று எனக்குப் பயம்.

"உள்பக்கம் பெயின்ட்டும் அதே சாம்பல் பச்சைதான்," என்று அவர் மெதுவாகச் சொன்னது கேட்டது. "தொழிற்சாலைப் பெயின்ட். அப்படின்னா இது என்ன?"

"பிரேக்கு. நாங்க ஞாயித்துக்கிழமை தோறும் இழுக்கற அதே பிரேக்கு. செங்குத்தா இறங்கறதுக்கு."

"சண்டை விமானத்துக்கு எதுக்கு அது? அது வேகமா வரும், நீளமான ஓடுபாதையில இறங்கும். தேவையே இல்லையே."

"எனக்கு உங்க விமானம் தெரியாது. இது எதுக்குன்னு தெரியும். இடம் கம்மியா இருக்கறவன்தான் இதை வெப்பான். உங்க நோட்டுல இறக்கை எவ்வளவு நீளம்?"

அவர் புரட்டிச் சொன்னார். யூருன் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "குன்வோர், டேப்பு!"

தொழுவத்துச் சுவரிலிருந்து நான் ஒரு முனையைப் பிடிக்க, அவள் கூரைமேல் தவழ்ந்துபோனாள். கணக்குப்படி இறக்கை கல்சுவரின் விளிம்போடு முடிந்திருக்க வேண்டும். முடிந்த மாதிரித்தான் வெளியே தெரிந்தது. அவள் ஒரு மண்வெட்டியைக் கேட்டு வாங்கிப் புல்மண்ணை வெட்டினாள். தால்லாக் பாய்ந்து வந்து கற்களைப் பெயர்த்தான். அவன் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து அவன் மனைவியே பார்த்ததில்லையாம். கல் எடுக்க எடுக்க இறக்கை போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வட்டமான நுனி வெளியே வந்தபோது, ஹால்வார்டின் கணக்கைவிட ஒன்றேகால் முழம் கூடுதலாக இருந்தது.

ஹால்வார்ட் ஏணியின் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். அங்கே பென்சிலில் நாலே வரி எழுதியிருந்தது.

"கப்பல் விமானம்," என்றார். அந்த வரிகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். "கப்பல்ல இறங்கறதுக்குன்னு செஞ்சது. நீள இறக்கை. மேல காத்தைக் கலைக்கற தகடு இருக்கும்னு படிச்சிருக்கேன், ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. மொத்தமே எழுபது சொச்சம்தான் செஞ்சாங்க. அந்தக் கப்பலை அவங்க கட்டி முடிக்கவே இல்ல. அதனால சின்ன ஓடுபாதை இருக்கற இடமாப் பாத்து அனுப்பினாங்க. நார்வேக் கரைக்கு."

"எங்களுக்கு," என்றாள் யூருன்.

"நான் இதை வெட்டி எறிஞ்சிட்டு அடைக்கச் சொன்னேன்," என்றார் அவர். அழுதுவிடுவார் போலிருந்தது.

தால்லாக் அவருக்கு ஒரு வாஃபிள் கொண்டுபோய்க் கொடுத்தான். "நான்தான் சொன்னேன்ல," என்றான். அந்த மாதம் முழுக்க அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "நான்தான் சொன்னேன்ல" என்பது பால் நிலையத்தில் ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்லமாட்டேன். யூருனின் அண்ணன், அந்த நிலம் போனதிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்காத மனிதர், இறக்கையைக் கழற்றி ஏற்றிய அன்று சாலையோரம் வந்து நின்றார்.

"நம்மைத் தெருவுல விட்டவனோட சாமானுக்கு நீ சோப்புப் போட்டுக் கழுவறே."

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

"நம்ம வீடு எதுக்காகப் போச்சுன்னு எனக்கு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. இப்பத்தான் ஒரு துண்டு கெடச்சிருக்கு. ஒரு கப்பலைக் கட்டி முடிக்கத் துப்பில்லாதவனுங்க, நம்ம உருளைக்கிழங்கு நிலத்தைக் கப்பலா ஆக்கிக்கிட்டானுங்க. அது தெரிஞ்சதும் கோவம் குறையலண்ணே. ஆனா யாரு மேலன்னு தெரியுது."

அண்ணன் போகவில்லை. கயிறு கட்ட ஒரு ஆள் குறைந்தபோது வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

ஆகஸ்டில் ஹால்வார்ட் மறுபடியும் வந்தார். அறிக்கையில் தகட்டைக் கண்டுபிடித்தவர் பெயரை எழுத வேண்டும், தொழில் என்ன போடுவது என்று கேட்டார். "பால் வண்டின்னு போடுங்க," என்றாள். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எத்தனை விமானத்துல பறந்திருக்கீங்க?"

"பயணிகள் விமானத்துலதான். ரெண்டு தடவை. எனக்கு உயரம் கொஞ்சம் ஆகாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை இரட்டை இருக்கைக் கிளைடரின் முன் இருக்கையில் வைத்துக் கட்டினார்கள். நோட்டுப் புத்தகத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதைக் கொடுக்கத்தான் அவர் தயங்கினார். இருபது நிமிடம் மேலே சுற்றினார்கள். பிறகு திடலின் விளிம்புக்கு நேர் மேலே, இறங்கவே முடியாது என்று தோன்றுகிற உயரத்தில் வந்து, யூருன் நெம்புகோலை இழுத்தாள். தகடுகள் இரண்டும் நிமிர்ந்தன. கீழே நின்ற எங்களுக்கு ஓர் ஓசை கேட்டது. முதலில் கடற்பறவை என்று நினைத்தோம். ஓஸ்லோப் பொறியாளர்தான்.

கிளைடர் புல்லில் உருண்டு நின்றதும் அவர் வெகுநேரம் இறங்கவில்லை. ஐலெர்ட் பழக்கதோஷத்தில் போய் வாயைத் திறக்கச் சொல்லி, பல் எதுவும் போகவில்லை என்று அறிவித்தார்.

"பதினஞ்சு வருஷமா அளவு எழுதிக்கிட்டிருக்கேன்," என்றார் ஹால்வார்ட் கடைசியில். "அதுல ஒருத்தன் உக்காந்திருந்தான்னு இன்னைக்குத்தான் தோணுச்சு."

"வாந்தி வருதா?"

"வருது."

"அந்தப் பக்கம் போங்க. இது எங்கப்பா நிலம்."

அறிக்கை அச்சில் வந்ததும் கடிதங்கள் வர ஆரம்பித்தன. லூபெக், பிரெமன், ஒருமுறை ஜப்பானிலிருந்துகூட. பெரும்பாலும் பிளாஸ்டிக் விமானம் செய்து அலமாரியில் அடுக்குகிறவர்கள். தகடு எவ்வளவு அகலம், எவ்வளவு திறக்கும், உட்புறம் என்ன நிறம்? யூருன் காட்சிக்கூடத்துக்குப் போய் அளந்து, வாரம் ஒருநாள் சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பென்சில் படம் போட்டுப் பதில் எழுதினாள். ஜெர்மன் எனக்குத்தான் கொஞ்சம் வரும், அதனால் எழுத்து என்னுடையது, திட்டு அவளுடையது. "வெள்ளியில பெயின்ட் அடிச்சிருக்கானாம், போட்டோ வெச்சிருக்கான் பாரு. அழிக்கச் சொல்லு. மரியாதையா எழுது, ஆனா அழிக்கச் சொல்லு."

தால்லாக்குக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தோம், நல்ல தகரத்தில். இரண்டே வாரத்தில் அவன் பால் நிலையத்துக்கு வந்து நின்றான். பழைய இறக்கைக்குக் கீழே கோழிகள் நாளைக்கு இரண்டு முட்டை வைத்தன, இப்போது ஒன்றுதான் வைக்கின்றன என்றான். ஒருவரும் நம்பவில்லை. யூருன் மட்டும் ஸ்க்ரூடிரைவரையும் ஒரு கதவுக் கீலையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வா, காத்துக்கு வழி பண்ணிப் பாப்போம்," என்று அவனோடு கிளம்பினாள்.